நான்கு திரைகளில் ஒரு நாவல்

ஐரோப்பிய அச்சுக்கலையின் தாய்வீடு ஜெர்மனியின் மைன்ஸ் நகரம். தனித்தனி அச்செழுத்துகளைக் கோத்துப் புத்தகம் அச்சிட்ட யோகான்னஸ் குட்டன்பர்க் பிறந்த ஊர் அது. அவர் பெயரிலேயே அங்கொரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, புத்தகப் பிரியர்களைச் சற்றே சங்கடப்படுத்தக்கூடியது. இளைஞர்களையும் அறுபது வயதைத் தொட்டவர்களையும் வரவழைத்து, அச்சிட்ட தாள், கிண்டில், ஐபேட் ஆகிய மூன்றிலும் வாசிக்கச் சொன்னார்கள். விழியசைவைப் பதிவுசெய்ய ஒரு கருவி. மூளையின் மின்னலைகளை அளக்கத் தலையில் பொருத்திய மின்முனைகள். எதில் வாசிப்பது பிடித்திருக்கிறது என்றும் கேட்டார்கள். இளையவரும் முதியவரும் சொன்ன பதில் ஒன்றுதான்: தாள்.

அளவீடுகளோ வேறு கதை சொல்லின. வாசித்ததைப் புரிந்துகொள்வதில் மூன்றுக்கும் இடையே வேறுபாடு இல்லை. இளைஞர்களின் கண்ணும் மூளையும் மூன்றிலும் ஒரே மாதிரிதான் உழைத்திருந்தன. முதியவர்களிடம் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. ஐபேடில் வாசித்தபோது அவர்களுடைய பார்வை ஒவ்வோர் இடத்திலும் குறைந்த நேரமே நின்றது. மூளையின் உழைப்பும் குறைந்திருந்தது. பின்னாலிருந்து ஒளிரும் திரையில் எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான வேறுபாடு எடுப்பாகத் தெரிவதால், வயதான கண்ணுக்கு அது எளிதாகிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆக, எந்தக் கருவி தங்களுக்கு உதவியதோ, அதைவிடத் தாளே மேல் என்று அந்தப் பெரியவர்கள் தீர்ப்பளித்திருந்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இதற்கு நேரெதிரான ஒன்று நடந்தது. பட்டப்படிப்பு மாணவர்கள் 90 பேரைத் தாளிலும் கணினித் திரையிலும் வாசிக்கவைத்தார்கள். பெரும்பாலோர் திரையைத்தான் விரும்பினார்கள். அதில்தான் நன்றாகப் புரிந்ததாகவும் நம்பினார்கள். கேள்வி கேட்டுப் பார்த்தபோது, கட்டுரையின் மையக் கருத்தைச் சொல்வதில் இரண்டும் சமம். உள்ளே இருந்த முக்கியக் குறிப்புகளையும் விவரங்களையும் நினைவுகூர்வதில் தாள் முந்திக்கொண்டது.

முதியவர்கள் தாளை விரும்பினார்கள், திரை உதவியது. மேரிலாந்து மாணவர்கள் திரையை விரும்பினார்கள், தாள் உதவியது. மின்னூல் பற்றி முப்பது ஆண்டுகளாக நடக்கும் சண்டையின் அடிப்படைக் கோளாறு இந்த இரண்டு ஆய்வுகளுக்கு நடுவே தெரிகிறது. ஒருவர் ஒரு கருவியைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது வேறு, அதில் வாசிக்கும்போது அவருக்கு என்ன நேர்கிறது என்பது வேறு. இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. ‘திரை’ என்று நாம் ஒரே சொல்லில் அடைப்பது உண்மையில் நான்கு வெவ்வேறு பொருள்கள்: மேசைக் கணினி, கிண்டில் போன்ற மின்மைக் கருவி, டேப்லட், செல்போன். வாசகர்கள் இவற்றைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதே இல்லை.

முதலில் வந்தது கணினி. 1971 ஜூலை 4ஆம் தேதி இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பெருங்கணினி ஒன்றில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து வைத்தார். நூல்களை இலவச மின்னூலாக்கும் குட்டன்பர்க் திட்டம் அங்கிருந்துதான் தொடங்கியது. அதன் நூல்களைப் பல பத்தாண்டுகள் மக்கள் மேசைமுன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துதான் வாசித்தார்கள். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற அதே தோரணையில் நாவல் வாசிப்பது யாருக்கும் உவப்பாக இருந்திருக்காது. ஆனால், வீட்டில் இருந்த திரை அது ஒன்றுதான். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2011 இறுதியில் மின்னூல் வாசகர்களிடம் எதில் வாசிக்கிறீர்கள் என்று கேட்டது. 42 விழுக்காட்டினர் கணினி என்றார்கள். மின்னூல் கருவி என்றவர்கள் 41, செல்போன் 29, டேப்லட் 23. ஒருவரே பலவற்றைச் சொல்லலாம் என்பதால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டுகிறது. கிண்டில் வந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் கணினி பின்தங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கையில் இருப்பதில் வாசிப்பதும் விரும்பியதில் வாசிப்பதும் ஒன்றல்ல.

வாசிப்புக்கென்றே தனிக் கருவி செய்யும் ஆசை கிண்டிலுக்கு முன்பே இருந்தது. 1998இல் கலிஃபோர்னியாவில் ‘ராக்கெட் ஈபுக்’ வந்தது. கனத்த அட்டைப் புத்தகம் அளவுக்கு எடை. உள்ளே ஏறத்தாழ பத்து நாவல்கள் அடங்கும். அதே காலத்தில் பாம் பைலட் என்ற உள்ளங்கைக் கருவியில், தொலைபேசி எண்களுக்கும் சந்திப்புக் குறிப்புகளுக்கும் நடுவே சிலர் நாவல் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். 2000 மார்ச்சில் ஸ்டீஃபன் கிங் தன் ‘ரைடிங் த புல்லட்’ குறுநாவலை இரண்டரை டாலருக்கு இணையத்தில் மட்டும் வெளியிட்டார். முதல் 24 மணி நேரத்தில் சுமார் 4 லட்சம் பிரதிகள் தரவிறங்கின. காகிதத்துக்குக் கருமாதி நாள் குறித்துக் கட்டுரைகள் வந்தன. மூன்றே ஆண்டுகளில், ராக்கெட் ஈபுக்கை வாங்கியிருந்த ஜெம்ஸ்டார் நிறுவனம் அந்தத் தொழிலையே மூடிவிட்டது. கதைக்கு வாசகர் இருந்தார்கள், கருவிக்கு இல்லை.

நிலைமையை மாற்றியது ஒரு மை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் ஜோசஃப் ஜேகப்சனும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய நுட்பம், 1997இல் ‘ஈ இங்க்’ (மின்மை) என்ற நிறுவனமானது. முடியின் தடிமன் அளவேயான நுண்ணிய குமிழ்களுக்குள் தெளிந்த திரவம். அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்களுக்கு ஒரு மின்னூட்டம், கறுப்புத் துகள்களுக்கு எதிர் மின்னூட்டம். மின்புலத்தை மாற்றினால் வெள்ளை மேலே வரும் அல்லது கறுப்பு மேலே வரும். வந்தது அப்படியே நிற்கும்; பக்கம் புரட்டும்போது மட்டும்தான் மின்சாரம் செலவாகும். திரை தானாக ஒளிர்வதில்லை. வெயிலில் பிடித்தால் தாளைப் போலவே இன்னும் தெளிவாகத் தெரியும்.

இந்த மையைக் கொண்ட முதல் வாசிப்புக் கருவியை 2004இல் ஜப்பானில் சோனி விற்றது. பெயர் ‘லிப்ரியே’. திரை அருமை, திட்டம் அபத்தம். காசு கொடுத்து இறக்கிய நூல் 60 நாளில் தானாக அழிந்துவிடும். ஜப்பானிய வாசகர்கள் அதைச் சீந்தவில்லை. 2007 நவம்பரில் அமேசானின் முதல் கிண்டில் 399 டாலருக்கு வந்தபோது ஐந்தரை மணி நேரத்தில் கையிருப்பு தீர்ந்தது. திரை ஏறக்குறைய அதேதான். கம்பி இல்லாமல், கணினி இல்லாமல், நின்ற இடத்திலேயே நூல் வாங்கலாம், வாங்கியது தங்கும் என்பதுதான் வேறுபாடு.

தங்கும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு சோதனை வந்தது. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. அவற்றில் ஒன்று ‘1984’. வேண்டாத ஆவணங்களை அரசு அழித்துக்கொண்டே இருக்கும் ஒரு நாட்டைப் பற்றிய நாவல் அது. இதைவிடப் பொருத்தமான நூலைத் தேடினாலும் கிடைத்திருக்காது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, ஜெஃப் பெசோஸ் அது மடத்தனம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். கருவியைப் பற்றிய மனக்கசப்பு என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, உண்மையில் உடைமையைப் பற்றிய கசப்பு. அலமாரியில் இருக்கும் புத்தகத்தை விற்றவர் வந்து எடுத்துப்போக முடியாது.

எழுத்தாளர்களிலும் எதிர்ப்பாளர்கள் இருந்தார்கள். ஜோனதன் ஃபிரான்ஸன் 2012இல், நிலைத்திருக்கும் எழுத்துதான் தீவிர வாசகருக்குத் தேவை, திரை அந்த நிலைப்பேற்றைத் தருவதில்லை என்றார். ரே பிராட்பரியின் வெறுப்பு மூக்கில் தொடங்கியது. மின்னூலுக்கு எரிந்த எரிபொருள் வாடை என்பார். புத்தகங்களைக் கொளுத்தும் தீயணைப்பு வீரரைப் பற்றிய அவருடைய ‘ஃபாரன்ஹீட் 451’ நெடுங்காலம் மின்னூலாக வெளிவராமல் இருந்ததற்கு அந்தப் பிடிவாதமே காரணம். 2011 இறுதியில், 91 வயதில், பதிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேறு வழியில்லாமல் இறங்கிவந்தார். இவர்கள் எல்லோரும் மின்னூலை ஒரே பொருளாக வைத்துப் பேசியதுதான் விசித்திரம். ஏனென்றால், அதே ஆண்டுகளில் மின்னூல் வாசகர்களுக்கு உள்ளேயே ஒரு பங்காளிச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

அமெரிக்கர்களில் 40 விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒரு புத்தகமோ அதற்கும் குறைவாகவோதான் படிக்கிறார்கள், எனவே கிண்டில் என்ற கருத்தே அடிப்படையில் பிழை என்று 2008 தொடக்கத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு செய்தியாளரிடம் அலட்சியமாகச் சொன்னார். 2010 ஏப்ரலில் ஐபேட் வந்தபோது, அதற்கென மரஅலமாரி போன்ற தோற்றத்தில் ஒரு புத்தகச் செயலியும் வந்தது. முதல் ஐபேடின் எடை 680 கிராம். அதே ஆண்டு வந்த மூன்றாம் தலைமுறைக் கிண்டில் சுமார் 240 கிராம். படுத்துக்கொண்டு மார்பில் சாய்த்து நாவல் படிப்பவருக்கு இந்த வேறுபாடு கோட்பாடு சார்ந்தது அல்ல, மணிக்கட்டு சார்ந்தது. அமேசான் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தது. நீச்சல்குளக் கரையில் ஒரு பெண் கிண்டிலில் நிம்மதியாக வாசிக்கிறாள். பக்கத்தில் ஓர் ஆண் தன் ஐபேடை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திணறுகிறான். அவன் வியந்து கேட்க, இதன் விலை 139 டாலர்தான், என் குளிர்கண்ணாடி இதைவிட விலை அதிகம் என்கிறாள் அவள்.

இரண்டு முகாம்களும் தங்களுக்கு ஆதரவாகக் கண் மருத்துவத்தைத் துணைக்கு அழைத்தன. கண் மருத்துவம் ஒருதலையாகப் பேசவில்லை. ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நீண்ட நேரம் வாசித்தாலும் மின்மைத் திரைக்கும் ஒளிர்திரைக்கும் கண்களின் களைப்பில் வேறுபாடு இல்லை என்றது. அடுத்த ஆண்டே வந்த மற்றோர் ஆய்வு, ஒளிர்திரை டேப்லட்டில் வாசித்தவர்கள் குறைவாகக் கண்சிமிட்டினார்கள், அதிகம் களைத்தார்கள், மின்மைக் கருவி அச்சு நூலுக்குச் சமமாகவே இருந்தது என்றது. திரையின் தெளிவு, அறையின் வெளிச்சம், வாசித்த நேரம் ஆகியவற்றைப் பொறுத்து விடை மாறுகிறது.

தூக்கம் பற்றிய செய்திதான் அதிகம் திரிந்தது. 2014 டிசம்பரில், மின்னூல் வாசிப்பு உறக்கத்தைக் கெடுக்கிறது என்று உலகமெங்கும் தலைப்புகள் வந்தன. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியோடு இணைந்த ஆய்வாளர்கள் 12 பேரை மருத்துவமனையில் தங்கவைத்து, படுக்கைக்குப் போகுமுன் நான்கு மணி நேரம் வாசிக்கச் செய்தார்கள். ஐந்து இரவு அச்சு நூல், ஐந்து இரவு ஒளிர்திரை. திரையில் வாசித்த நாள்களில் உறக்கம் வர சுமார் 10 நிமிடம் கூடுதலாக ஆனது. உறக்கத்தை அழைத்துவரும் மெலடோனின் சுரப்பு பாதிக்குமேல் குறைந்தது. முடிவு செம்மையானது. ஆனால், அந்தத் திரை மங்கிய அறையில் முழு வெளிச்சத்தில் வைக்கப்பட்ட ஐபேட். தானாக ஒளிராத கிண்டிலுக்கு அது பொருந்தாது என்ற விவரம் தலைப்பு எழுதியவர்களின் கையில் சிக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தங்கள் மின்மைக் கருவியை இழுப்பறையில் போட்டுப் பூட்டியவர்கள் எத்தனை பேரோ.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, யாரும் மதிக்காத நான்காவது கருவி முன்னே போய்க்கொண்டிருந்தது.

பியூ மையம் 2016இல் மீண்டும் கணக்கெடுத்தது. இம்முறை எல்லா வயதுவந்த அமெரிக்கர்களும் கணக்கில் வந்தார்கள். மின்னூல் கருவியில் வாசித்தவர்கள் 2011இல் 7 விழுக்காடு, ஐந்தாண்டு கழித்து 8. ஏறக்குறைய அசையவே இல்லை. டேப்லட் 4இலிருந்து 15 ஆனது. செல்போன் 5இலிருந்து 13. வாசிப்புக்கென்றே செய்த கருவியைவிட, வாசிப்புக்குக் கொஞ்சமும் ஏற்றதல்ல என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருவியில் அதிகம் பேர் புத்தகம் படித்திருந்தார்கள். இதற்கிடையில் சோனி 2014இல் மின்னூல் கருவித் தொழிலிலிருந்து விலகியது. பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகள் 2015இல், விற்பனையே இல்லை என்று கிண்டிலை அலமாரிகளிலிருந்து எடுத்தன. இவற்றை அச்சு நூலின் வெற்றி என்று பலர் கொண்டாடினார்கள். 65 விழுக்காடு அமெரிக்கர்கள் ஆண்டில் ஓர் அச்சு நூலாவது படித்திருந்தார்கள் என்பதால் அந்தக் கொண்டாட்டத்திலும் நியாயம் உண்டு. ஆனால், கிண்டில் பிடிக்கத் தவறிய இடத்தில் கணிசமான பங்கு காகிதத்துக்குப் போகவில்லை, சட்டைப்பைக்குப் போனது.

இது நடக்கும் என்பதை ஜப்பான் முன்பே காட்டிவிட்டது. தொடுதிரை வருமுன், எண்விசைகள் கொண்ட மடிப்புக் கைபேசிகளின் காலத்தில், அங்கே பதின்வயதுப் பெண்கள் இரயிலில் போகும்போது கட்டைவிரலால் நாவல் எழுதினார்கள். மற்றப் பெண்கள் இரயிலில் போகும்போது அதைப் படித்தார்கள். கெய்தாய் நாவல் என்று அதற்குப் பெயர் வந்தது. சின்னச் சின்ன வரிகள், நிறைய உரையாடல், வரிகளுக்கு நடுவே தாராளமான வெற்றிடம். திரையின் அகலம் நடையைத் தீர்மானித்தது. விமர்சகர்கள் இதை இலக்கியத்தின் சீரழிவு என்றார்கள். 2007இல் ஜப்பானில் அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து, கைபேசியில் பிறந்து பிறகு அச்சுக்கு வந்தவை. இலவசமாகக் கைபேசியில் படித்து முடித்த அதே கதையை வாசகிகள் காசு கொடுத்துப் புத்தகமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். கைபேசி படிப்பதற்கு, புத்தகம் வைத்திருப்பதற்கு என்ற இந்தப் பங்கீட்டை எந்தப் பதிப்பாளரும் திட்டமிடவில்லை. 2008இல், மூத்த நாவலாசிரியரும் பௌத்தத் துறவியுமான செத்தோச்சி ஜக்குச்சோ, எண்பதைக் கடந்த வயதில் புனைபெயரில் ஒரு கெய்தாய் நாவல் எழுதினார். பெயரை வெளியிட்டபோது விமர்சகர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

யுனெஸ்கோ 2014இல் வெளியிட்ட அறிக்கை இன்னும் யோசிக்கவைப்பது. எத்தியோப்பியா, கானா, இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், ஜிம்பாப்வே ஆகிய ஏழு நாடுகளில், விலை குறைந்த கைபேசியில் புத்தகம் படிப்பவர்கள் 4,000க்கும் மேற்பட்டோரிடம் கேட்டுத் தயாரித்தது அது. 62 விழுக்காட்டினர், கைபேசியில் படிக்கத் தொடங்கியபின் வாசிப்பு முன்னைவிடப் பிடித்திருக்கிறது என்றார்கள். பயன்படுத்தியவர்களில் பெண்கள் கால்பங்கு அளவே. ஆனால், படிக்கத் தொடங்கிய பெண்கள் மாதத்துக்குச் சராசரியாக 207 நிமிடம் படித்தார்கள்; ஆண்கள் 33 நிமிடம். மூன்றில் ஒருவர் கைபேசியிலிருந்து குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டினார். கைபேசியா புத்தகமா என்ற கேள்வி, அலமாரி நிறையப் புத்தகம் உள்ள வீட்டில் எழும் கேள்வி. இவர்களில் பலருக்கு முன்னால் இருந்த தேர்வு கைபேசி அல்லது ஒன்றுமில்லை என்பதுதான்.

கைபேசியின் குறுகலே நன்மையாவதும் உண்டு. வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியா உள்ள 103 உயர்நிலைப்பள்ளி மாணவர்களை வைத்து அமெரிக்க ஆய்வாளர் மேத்யூ ஷ்னெப்ஸின் குழு 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐபாட் டச் என்ற சிறு கருவியில், ஒரு வரிக்குச் சில சொற்களே வருமாறு வைத்துப் படிக்கச் சொன்னபோது, அவர்களில் மிகவும் சிரமப்பட்டவர்களுக்கு வேகமோ புரிதலோ மேம்பட்டது. பக்கம் முழுக்க நெருங்கி நிற்கும் சொற்கள் அவர்களுடைய கவனத்தைச் சிதறடிக்கின்றன. குறுகிய திரை அந்தக் கூட்டத்தை மறைத்துவிடுகிறது. எல்லோருக்கும் இந்தப் பயன் கிடைக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

அப்படியானால் தாளின் மேன்மை வெறும் பழக்கதோஷமா? இல்லை. ஸ்பெயினின் வலென்சியா, இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் 2018இல், 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பங்கேற்றோர் மொத்தம் 1,71,055 பேர். தாளில் படித்தவர்களின் புரிதல் சற்றே மேலாக இருந்தது. நேரக் கெடு விதித்தால் இடைவெளி கூடியது. தகவல் கட்டுரைகளில் இடைவெளி தெரிந்தது. கதை மட்டும் படித்த ஆய்வுகளில் தெரியவில்லை. திரையோடு பிறந்த தலைமுறை வளர வளர வேறுபாடு மறையும் என்று பலர் நம்பியிருந்தார்கள். ஆண்டுகள் போகப்போகத் தாளின் முன்னிலை கூடியிருந்தது.

காரணத்தை ஓரளவு ஊகிக்க வைப்பது, டெக்னியானின் ரகெஃபெட் அக்கர்மனும் ஹைஃபா பல்கலைக்கழகத்தின் மாரிஸ் கோல்ட்ஸ்மித்தும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. படிக்கும் நேரத்தை ஆய்வாளர் வரையறுத்தபோது தாளும் திரையும் சமம். நேரத்தை வாசகரே தீர்மானித்தபோது திரையில் படித்தவர்கள் பின்தங்கினார்கள். தங்களுக்குப் புரிந்துவிட்டது என்ற நம்பிக்கை மட்டும் அவர்களிடம் அளவுக்கு மீறி இருந்தது. எழுத்து அதே எழுத்து, கண்ணும் அதே கண். எப்போது நிறுத்துவது, எங்கே திரும்பிப் படிப்பது என்ற முடிவுகளில்தான் வேறுபாடு. மின்னஞ்சலையும் செய்தித் துணுக்கையும் மேய்ந்து பழகிய திரையில், மனம் மேய்கிற வேகத்துக்கே தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்று கொள்ளலாம். அப்படியென்றால் குற்றவாளி ஒளியோ மையோ அல்ல. அந்தக் கருவியோடு நமக்கிருக்கும் மற்ற உறவுகள்.

மேய்வதற்கே வழியில்லாத கிண்டிலில் என்ன ஆகும்? நார்வேயின் ஸ்டாவங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆன் மாங்கன் பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து 50 பேரை எலிசபெத் ஜார்ஜின் ஒரு மர்மக் கதையைப் படிக்கவைத்தார். பாதிப் பேர் புத்தகத்தில், பாதிப் பேர் கிண்டிலில். பெரும்பாலான சோதனைகளில் இருவரும் சமம். கதையில் நடந்தவற்றைக் கால வரிசைப்படி அடுக்கச் சொன்னபோது மட்டும் கிண்டில் வாசகர்கள் தடுமாறினார்கள். இடதுகையில் பக்கங்கள் கூடுவதும் வலதுகையில் குறைவதும் கதை எங்கே போகிறது என்பதை விரல்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கிண்டிலில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே கனம் என்பது மாங்கனின் விளக்கம். பங்கேற்றவர்களில் கிண்டிலில் பழகியவர்கள் இரண்டே பேர் என்பதையும் சேர்த்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

தமிழில் இந்தக் கருவிச் சண்டைக்கு முன்னால் வேறொரு தடை இருந்தது: திரையில் எழுத்து தெரியுமா என்பது. 1998 பொங்கலன்று ஸ்விட்சர்லாந்தின் லொசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் பரவிய தன்னார்வலர்களைக் கொண்டு திருக்குறள் தொட்டுப் பழைய நூல்களை உள்ளிட்டது. அவற்றைப் படிக்கத் தனி எழுத்துருவை நிறுவ வேண்டும்; நிறுவாவிட்டால் திரையில் பொருளற்ற குறிகள்தான் வரும். ஒருங்குறி (யூனிகோட்) பரவியபின் கணினியில் அந்தத் தொல்லை தீர்ந்தது. 2013இல் தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளம் ஒவ்வொரு நூலையும் ஈபப் போன்ற வடிவங்களோடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பி.டி.எஃப். ஆகவும் தந்தது. கிண்டில் தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் காட்டாத காலத்தில், பக்கத்தைப் படம்போல் உறையவைத்துக் கொடுத்துவிடும் கைவைத்தியம் அது. அமேசான் 2016 டிசம்பரில்தான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களைக் கொண்டுவந்தது.

பி.டி.எஃப். மீது தமிழ் வாசகருக்கு இருக்கும் பற்றும் எரிச்சலும் தனிக் கட்டுரைக்கே உரியவை. வாட்ஸப் குழுக்களில் நூல் என்று சுற்றுவது பெரும்பாலும் அதுதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களைச் சேகரிக்கும் நூலகம் தளத்திலும் உள்ள அரிய புத்தகங்களில் பல, வருடிய பக்கங்களின் படங்கள். பழைய அச்சு, அட்டை, யாரோ பேனாவால் எழுதிய பெயர் எல்லாம் அப்படியே இருக்கும். ஆய்வாளருக்கு அது வரம். ஆனால், செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரியின் வால் திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். பெரிய எழுத்து யாருக்கு அதிகம் தேவையோ, அந்த வயதானவர்களே இதில் முதலில் கைவிடுகிறார்கள். கைபேசியில் படிக்க முடியாது என்று அவர்கள் சொல்லும்போது, குறை பல நேரம் கோப்பின் வடிவத்தில் இருக்கிறது, பழி கருவிக்குப் போகிறது. எழுத்து மறுபடி அடுக்கிக்கொள்ளும் ஈபப் கோப்பிலும் தமிழுக்கு ஒரு சிக்கல் மிச்சம். நம் சொற்கள் நீளம். இருபுறமும் நேராக நிறுத்தினால், குறுகிய திரையில் வரிக்கு மூன்று சொல் வந்து நடுவில் பெரும் பள்ளங்கள் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக்கினால் போதும். இந்தச் சின்ன அமைப்பைக்கூட மாற்றாமல் நூல் வெளியிடும் மின்பதிப்பாளர்கள், வாசகர் குறைவதாகக் குறைப்பட்டுக்கொள்வது வேடிக்கை.

தொடர்கதைக்குச் செல்போன் நன்றாகவே ஒத்துப்போகிறது. பெங்களூரிலிருந்து 2014 முதல் இயங்கும் பிரதிலிபி செயலியில் தமிழ்க் கதைகள் அத்தியாயம் அத்தியாயமாக வருவது, வார இதழ்த் தொடர்களின் பழைய தாளகதியையே பின்பற்றுகிறது. பேருந்திலோ அடுப்படியிலோ கிடைக்கும் கால்மணி நேரத்துக்கு ஓர் அத்தியாயம் சரியான அளவு. கையில் இருப்பது என்ன கதை என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அட்டை வெளியே தெரியாத வாசிப்பின் வலிமையை 2012இல் ஆங்கிலப் பதிப்பாளர்களும் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ என்ற காமரச நாவல்களின் மின்னூல் விற்பனையில் பார்த்தார்கள்.

வாசகர்கள் தங்கள் வாயால் கேட்பது எளிமையானது: கிண்டிலின் மை, செல்போனின் அளவு. அதை ஒருவர் செய்தும் கொடுத்தார். ரஷ்யாவின் யோட்டா நிறுவனம் 2013 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த யோட்டாஃபோனில் முன்பக்கம் வழக்கமான வண்ணத்திரை, பின்பக்கம் மின்மைத் திரை. திருப்பினால் புத்தகம். தொழில்நுட்ப இதழ்கள் பாராட்டின, மக்கள் வாங்கவில்லை. 2019இல் நிறுவனம் நொடித்துப்போனது. முன்பக்கம் ஒளிரும்போது பின்பக்கம் திருப்ப யாருக்கும் தோன்றவில்லை போலும்.

2023இல் சீனாவின் ஓனிக்ஸ் நிறுவனம் வேறு வழியில் முயன்றது. அதன் பூக்ஸ் பால்மா, பார்வைக்கு அச்சு அசலாக ஒரு செல்போன். ஆறு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட மின்மைத் திரை, எடை 170 கிராம், ஒற்றைக்கையில் அடங்கும். சிம் கார்டு போட இடமே இல்லை. அழைப்பு வராது, அழைக்கவும் முடியாது. ஏற்கெனவே ஒரு செல்போனைச் சுமப்பவர்கள், அதே அளவில், அதிகம் செய்யத் தெரியாத இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்கினார்கள். உள்ளே இயங்குவது ஆண்ட்ராய்டுதான் என்பதால், விருப்பப்பட்டவர்கள் அதில் ஃபேஸ்புக்கையும் யூடியூபையும் இறக்கிக்கொள்ளலாம், கறுப்பு வெள்ளையில்.